வெளுத்துப்போன கடல் சாமந்திக்கு எப்படி உணவு கொடுப்பது, எப்படித் தேற்றுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய கடல் சாமந்தி, அதாவது அனிமோன் என்ற கடல் விலங்கு. உடல் பால் வெள்ளை, நுனிகளில் மட்டும் ஊதா. அபூர்வ நிறம் என்று சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு "இது வெளுத்துப்போனது, நன்றாகச் சாப்பாடு போடு" என்றிருக்கிறார்கள். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முழு இறால் போகிறது. வாங்கிக்கொள்கிறது, மறுநாள் காலையில் துப்பிவிடுகிறது. விளக்கு முழு அளவில் எரிகிறது. இரண்டு கோமாளி மீன்கள் பொழுதெல்லாம் அதன் மேலேயே புரள்கின்றன. அனிமோனோ நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறது. பிழைக்குமா?

பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று வாரம் கழித்தும் இரையைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோகும் அனிமோன் இன்னும் கைவிட வேண்டிய நிலைக்கு வரவில்லை. ஆனால் இப்போது அன்போடு செய்யும் மூன்று காரியங்களும் அதற்கு எதிராகத்தான் வேலை செய்கின்றன: முழு இறால், முழு வெளிச்சம், மீன்களின் புரளல். இதே மூன்றையும் நானும் செய்திருக்கிறேன். என் முதல் வெள்ளை அனிமோன் ஐந்தாவது வாரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பிழைத்து, பழுப்பாகி, பல ஆண்டுகள் இருந்தது. இரண்டுக்கும் இடையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறம் எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குவோம். கடல் சாமந்தியின் அந்தத் தேன் பழுப்பு அதன் சொந்த நிறம் இல்லை. உடலின் உள்ளடுக்குச் செல்களுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகளின் நிறம். சூசாந்தெல்லே என்று பொதுவாகச் சொல்கிறோம். சிம்பயோடினியம் என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தவற்றை 2018இல் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். வெளிச்சத்தை வைத்து இவை சர்க்கரையும் கொழுப்பும் தயாரித்து, அதில் பெரும்பங்கை அனிமோனுக்கே கொடுத்துவிடுகின்றன. அனிமோன் தன் கழிவாகிய அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் பாசிக்குக் கொடுக்கிறது. மீன் பிடித்துத் தின்பது இந்த விலங்குக்கு மேல்வருமானம் மாதிரி. மாதச் சம்பளம் வெளிச்சத்திலிருந்துதான் வருகிறது.

தண்ணீர் அதிகம் சூடானாலோ, பழக்கமில்லாத கடும் வெளிச்சம் திடீரென்று விழுந்தாலோ பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. உபயோகமான சர்க்கரைக்குப் பதிலாக, செல்லையே அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் அதிலிருந்து கசியத் தொடங்கும். அனிமோன் வேறு வழியில்லாமல் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கடலில் நடக்கும் பவள வெளிறலும் இதே கதைதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் இருந்தாலே போதும். கடையில் வெள்ளையாகக் கிடப்பவற்றுக்குப் பெரும்பாலும் இன்னொரு காரணம்: பிடித்த நாளிலிருந்து பையிலும் பெட்டியிலும் மங்கல் தொட்டியிலும் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது, போகும் வழியெல்லாம் உப்பின் அளவும் வெப்பமும் மாறிக்கொண்டே இருந்தது.

ஆக, வெள்ளை நிறம் நோய் இல்லை, பட்டினி. சம்பளம் நின்றுபோன வீடு சேமிப்பைக் கரைத்துச் சாப்பிடுவதுபோல, அனிமோன் தன் உடலையே கரைத்துச் சாப்பிடுகிறது. அதனால்தான் சிறுத்துப்போகிறது. நாம் கொடுக்கும் இறால், மைசிஸ் என்ற குட்டி இறால் போன்ற உயிரி எல்லாம் பாசி திரும்பி வரும்வரை தாங்கிப் பிடிக்கும் கைத்தடிதான். நிரந்தரச் சம்பளமாக அதை நினைக்கக் கூடாது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பாசியே இல்லாமல் இரையை மட்டும் நம்பி வாழும் கடல் சாமந்திகளும் உண்டு என்பதை ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற இயற்கையாளர் 1828இல் கடற்கரைப் பாறையிலிருந்து எடுத்து ஜாடியில் வளர்த்த ஒன்று, அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. பாட்டி என்ற பொருளில் 'கிரானி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது குளிர்க்கடல் இனம், பாசிக் குடித்தனம் அதற்குப் பழக்கமே இல்லை. கோமாளி மீன் குடியிருக்கும் வெப்பக்கடல் இனங்கள் அப்படி இல்லை. இரையை மட்டும் கொடுத்து அவற்றைக் கொஞ்ச காலம் தள்ளலாம், காலம் முழுக்க ஓட்ட முடியாது.

அடுத்து, உங்களிடம் இருப்பது வெளுத்தது மட்டும்தானா, செத்துக்கொண்டிருப்பதா என்று பார்த்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குச்சியின் நுனியால் வாயைச் சுற்றி நீண்டிருக்கும் விழுதுகளில் ஒன்றை மெல்லத் தொடுங்கள். ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கொஞ்சம் கூடவே வந்து பிறகு விடுகிறதா? நல்ல சேதி. கொட்டும் செல்களும் ஒட்டும் செல்களும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். குச்சி வெண்ணெயில் போவதுபோல வழுக்கிப் போனால் கவலைப்பட வேண்டும். அடுத்தது வாய். இரை விழுங்கும்போது திறப்பதும், கழிவு வெளியேற்றும்போது பிதுங்குவதும் சகஜம். மணிக்கணக்காகப் பிளந்தபடி, உள்ளிருந்து வெள்ளை நூல்போன்ற இழைகள் வெளியே தொங்கினால் அது சகஜம் இல்லை. கடைசியாகப் பாதம். பாறையிலோ, மணலுக்கடியில் உள்ள கல்லிலோ அது பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் தள்ளும் பக்கமெல்லாம் உருளும் அனிமோன் நல்ல நிலையில் இல்லை. பாதத்தில் கிழிசல் இருந்தால் பிழைப்பது கடினம். அது பெரும்பாலும் பாறையிலிருந்து பிய்த்து எடுத்தபோது ஆனதாகத்தான் இருக்கும்.

இன்னொரு அறிகுறியையும் கவனியுங்கள். ஒரு நாளில் பலமுறை முழுக்கச் சுருங்கிப் பை மாதிரி தொங்குவதும் மறுபடி ஊதிப் பெரிதாவதுமாகத் தொடர்ந்து சில நாட்கள் நடந்தால், வெளிறலோடு பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனித் தொட்டியில் மருந்து வைத்தியம் தேவைப்படும். அனுபவசாலி ஒருவரோ மீன் மருத்துவரோ பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள். மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள், தொட்டியை நடத்தும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். தினம் ஒருமுறை, அதுவும் விளக்கு அணைந்ததும் சுருங்குவது சாதாரணம். உள்ளே இருக்கும் பழைய தண்ணீரை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எலுமிச்சை மஞ்சளாகவோ பளிச்சென்ற ரோஜா நிறமாகவோ இருந்தால் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. அதுவும் வெளுத்த அனிமோன்தான், மேலே பூச்சு மட்டும் கூடுதல். சாயம் மெல்ல வெளியேறிவிடும், வைத்தியத்தில் வித்தியாசம் இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் அனிமோன் ஏன் துப்புகிறது?

அதன் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் அதற்கு ஒரே வாசல். வயிற்றுக்குள் திரைபோலத் தொங்கும் மடிப்புகளின் ஓரத்தில் உள்ள இழைகள் இரையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செரிமான நீரை அதன் மேல் சுரக்கின்றன. பல் இல்லை, அரைவை இல்லை. ஆகவே இரையின் மேற்பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு செரிக்கும். முழு இறாலை விழுங்கினால் வெளித்தசை கரைவதற்குள் நடுப்பகுதி அழுக ஆரம்பித்துவிடும். தெம்பாக இருக்கும் அனிமோன் ஒருவேளை சமாளித்துவிடும். பலவீனமானது சமாளிக்காது. ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, செரிமான நீரையும் சளியையும் செலவழித்து, கடைசியில் எதுவும் கிடைக்காமல் துப்பும். நீங்கள் சாப்பாடு போட்டதாக நினைத்த ஒவ்வொரு நாளும் அது நஷ்டக் கணக்கில் முடிந்திருக்கிறது.

துப்பியதா, கழிவா என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். மறுநாள் வரும் உருண்டையைக் குழாயால் உறிஞ்சி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள். இறாலின் வரியும் வடிவமும் தெரிந்தால், அமுக்கினால் இன்னும் தசையாக இருந்தால், அது செரிக்காதது. வடிவம் எதுவும் இல்லாமல் சளியில் சுற்றிய கூழாக, நூல் நூலாகப் பிரிந்தால் அது கழிவு, சந்தோஷப்படலாம். நலமாக உள்ள அனிமோன் சில நேரம் கரும்பழுப்பு உருண்டைகளை விடும். அதில் மிச்சமான பாசியும் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

அதனால் துண்டு சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியது என்றால், விரித்த நிலையில் ஒரு சாண் அகலம் உள்ள அனிமோனுக்கு முதல் சில வாரங்கள் அரைப் பட்டாணி அளவு. அதையும் ஒரே துண்டாக வேண்டாம், நான்கைந்து நுணுக்குகளாக நறுக்குங்கள். அதைவிடச் சிறிய அனிமோனுக்கு உறைந்த மைசிஸ் நாலைந்து. மிகவும் தளர்ந்து, விழுதுகள் சுருண்டு கிடப்பதற்குப் முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியா (பிரைன் ஷ்ரிம்ப்) குஞ்சுகள். அதை மருந்துச் சிரிஞ்சில் எடுத்து விழுதுகளுக்கு மேல் மேகம்போல விடலாம். பார்க்கச் சாப்பாடு மாதிரியே இருக்காது. கவலைப்படாதீர்கள், ஒவ்வொரு துளியும் செரிக்கும்.

எதைக் கொடுப்பது? கடலில் பிறந்த எதுவும், பச்சையாக, உப்பும் மசாலாவும் படாமல்: இறால், மட்டி, சிப்பி, கணவாய், கடல் மீனின் வெள்ளைச் சதை. ஒன்றையே திருப்பித் திருப்பிக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். மைசிஸ் எனக்கு எப்போதும் முதல் தேர்வு, அளவும் சரி, கொழுப்பும் உண்டு. வளர்ந்த பிரைன் ஷ்ரிம்ப் வெறும் தண்ணீர்ப் பை மாதிரி. சத்து ஊட்டியதாக இருந்தால் மட்டும் கொடுக்கலாம். தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களை உயிரோடு போடுவதைச் சிலர் வேடிக்கையாகச் செய்கிறார்கள். கொழுப்பமிலங்கள் கடல் விலங்குக்கு ஏற்றதாக இருக்காது, அந்த மீனுக்கும் அது கொடுமை. வேக வைத்த இறால் வேண்டாம். உறைந்ததை உருக்கிய பிறகு வடிகட்டியில் ஒருமுறை அலசிவிடுங்கள், உருகிய சாற்றில்தான் பாஸ்பேட் அதிகம். மீன் உணவுக்கென்று விற்கும் வைட்டமின், கொழுப்பமிலச் சொட்டுகளில் பத்து நிமிடம் ஊற வைப்பது நல்லது, கட்டாயம் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? மூன்று நாளுக்கு ஒருமுறை என்று ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் துப்பாமல் செரித்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை போகலாம். அதற்கு மேல் நெருக்க வேண்டாம். துண்டின் அளவை வேண்டுமானால் மெல்லக் கூட்டுங்கள், ஆனால் விரித்த வாயின் அகலத்தைத் தாண்டவே கூடாது. ஒருமுறை துப்பினால் அடுத்த முறை பாதி அளவு. இரண்டாவது முறையும் துப்பினால் ஐந்து நாள் இடைவெளி விட்டு மைசிஸுக்குத் திரும்புங்கள். இந்த அளவு சொல்லும்போது எல்லோருக்கும் கை நடுங்கும், இவ்வளவு கொஞ்சமா என்று. நோயில் கிடந்து எழுந்தவருக்கு யாரும் முதல் நாளே விருந்து வைப்பதில்லை, அது மாதிரிதான் இதுவும்.

கொடுக்கும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீரை அலையாகத் தள்ளும் வேவ்மேக்கரையும் பம்பையும் நிறுத்துங்கள். இடுக்கியாலோ, நீண்ட குழாய் மாட்டிய சிரிஞ்சாலோ துண்டை விழுதுகளின் மேல் மெல்ல இறக்கிவிடுங்கள். வாய்க்குள் நேராகத் திணிக்காதீர்கள். விழுது தொட்டு, ருசி பார்த்து, மடங்கி வாய்க்குக் கொண்டுபோகும் இந்தச் சடங்கு முழுதும் நடந்தால்தான் வாயும் வயிறும் தயாராகும். பலவீனமானதுக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகலாம், இருபதும் ஆகலாம். பொறுமையாக இருங்கள். பக்கத்தில் விழுந்த துண்டை எடுத்து மறுபடி வைக்கலாம், இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளாததை வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், திருடர்கள். துப்புரவு இறால்களும் துறவி நண்டுகளும் அனிமோனின் வாயிலிருந்தே இரையைப் பிடுங்கிக்கொண்டு போகும். நானே கண்ணால் பார்த்தேன். துண்டு வாய்க்குள் பாதி போயிருந்தது, ஒரு துப்புரவு இறால் விழுதுகளின் மேல் கூசாமல் ஏறி நின்று, முன்காலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டு போயிற்று. அனிமோனின் வாயோரம் சிவந்து கிழிந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மேல் பாதியைக் கூம்புத் தொப்பி மாதிரி அனிமோனின் மேல் கவிழ்த்து வைப்பேன். வெட்டிய விளிம்பைச் சூடுகாட்டி மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுதை அறுத்துவிடும். பாட்டிலின் மூடி இருந்த வாய் வழியாகச் சிரிஞ்சை விட்டு உணவு கொடுக்கலாம், தண்ணீரும் ஓரளவு உள்ளே போய் வரும். இரை உள்ளே போய் வாய் மூடியதும் தொப்பியை எடுத்துவிடுங்கள். மறந்துபோய் இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள்.

வெளிச்சம். இதில்தான் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். பாசி வளர வெளிச்சம் வேண்டும், எனவே முழுக்கப் போடு என்பது ஒரு கட்சி. வெளுத்தது வெயில் தாங்காது, இருட்டில் வை என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதில் பாதி உண்மை, பாதி ஆபத்து. வெளுத்த அனிமோன் என்றாலும் உள்ளே கொஞ்சம் பாசி பெரும்பாலும் மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தின் மேல் முழு வெளிச்சத்தையும் கொட்டினால், முன்பு எந்தக் காரணத்தால் வெளியேற்றப்பட்டதோ அதே காரணம் மறுபடி உருவாகும். நிழல் தர நிறமும் இல்லை, பாசி அடர்த்தியும் இல்லை. இருட்டில் வைத்தால் மிச்சமும் போய்விடும்.

எனவே நடுவழி. ஒளியை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் அனிமோன் இருக்கும் இடத்தில் 80 முதல் 100 வரை வைத்து ஆரம்பியுங்கள். மீட்டர் இல்லையென்றால் எல்.இ.டி. விளக்கை இப்போதைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள், இல்லை விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு மூன்று மடிப்பு வெள்ளைக் கொசுவலையைக் கட்டுங்கள். விளக்கு தினமும் எட்டு முதல் பத்து மணி நேரம் எரியட்டும். வாரத்துக்கு ஒரு மடிப்பை எடுப்பது, அல்லது வாரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் ஏற்றுவது. விழுது நுனி குமிழ்போல இருக்கும் குமிழ்நுனி அனிமோன் இனத்துக்கு 150 முதல் 250 வரை போதும். மேக்னிஃபிகா போன்ற அனிமோன் இனங்கள் கடலில் வெளிச்சம் கொட்டும் பாறை முகட்டில் உட்காருபவை, அவற்றுக்குக் கடைசியில் இன்னும் அதிகம் வேண்டும். ஏற்றும்போது அனிமோன் சுருங்கிப் பாறையிடுக்கில் ஒளிந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். மாறாக, உடலை நீட்டி நீட்டி மேலே எம்பினால் வெளிச்சம் போதவில்லை என்று கேட்கிறது.

அதுவாகவே இடம் மாறினால் விட்டுவிடுங்கள், தன் இடத்தை அதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அது நடக்க ஆரம்பிக்கும் முன் எல்லாப் பம்பின் உறிஞ்சு வாயிலும் பஞ்சோ வலையோ கட்டிவிடுங்கள். இரவில் நடந்து போய் வேவ்மேக்கரில் சிக்கிய அனிமோனின் கதையை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். காலையில் தொட்டி முழுக்க மூடுபனி, மீன்களும் சேர்ந்து போயிருக்கும். உங்களுடையதைப் போன்ற ஊதா நுனி வெள்ளை அனிமோன் பெரும்பாலும் செபே என்று கடையில் விற்கப்படும் கிரிஸ்பா என்ற இனம். அது மணலில் காலூன்றும் இனம். நான்கைந்து அங்குல மணலும், அதற்கடியில் பாதம் பிடிக்க ஒரு தட்டையான கல்லும் கொடுத்தால் அலைவது குறையும்.

தண்ணீரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை, ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், மிதவைக் கருவியை நம்பாதீர்கள். வெப்பம் 25, 26 டிகிரி. 28ஐத் தாண்ட விடாதீர்கள். பிஹெச் 8.1 முதல் 8.4 வரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். தாமிரம் கலந்த மீன் மருந்து எப்போதாவது ஊற்றிய தொட்டி என்றால் அனிமோனை அதில் வைக்கவே வேண்டாம். கோடையில் மின்விசிறி வைத்துக் குளிர்விப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினம் ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து மட்டத்தைச் சரி செய்யாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெளுத்த அனிமோன் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. எண் சரியாக இருப்பதைவிட, எண் மாறாமல் இருப்பது முக்கியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நின்று போவோம். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பாசியும் ஒரு பயிர்தானே, உரம் இல்லாமல் எப்படி வளரும்? லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நல்லது. நைட்ரேட் ஏறி பாஸ்பேட் சுத்தமாக இல்லாமல் போனால் வெளிறல் எளிதாக வருகிறது என்று பவளங்களில் கண்டிருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் சிறு துண்டு இறால் அனிமோனுக்குச் சாப்பாடு மட்டுமில்லை. செரித்த பின் வரும் அம்மோனியா உள்ளேயிருக்கும் பாசிக்கு உரம். வாரத்துக்குப் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றம், ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் நன்றாக ஓடுவது, இவ்வளவு போதும். தொட்டி தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இந்த எண்கள் தினமும் ஆடும். முடிந்தால், பழைய நிலையான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அனிமோனைச் சில மாதம் விட்டுவையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, கோமாளி மீன்கள். இவை அனிமோனுக்கு நல்லதா கெட்டதா? நலமாக இருக்கும்போது மிக நல்லது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. மீனோடு இருக்கும் அனிமோனில் பாசி அதிகம் என்றும், காயம் வேகமாக ஆறுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவில் விழுதுகளுக்குள் மீன் துடுப்பு அசைத்துக்கொண்டே இருப்பது அனிமோனுக்குக் காற்றோட்டம். ஆனால் இப்போது உங்களுடையது தன் அளவில் பாதிகூட இல்லை. இரண்டு பெரிய மீன்கள் அதன்மேல் புரளும்போது விழுதுகள் விரியவே முடியாது. விரியாவிட்டால் வெளிச்சமும் விழாது. போட்ட துண்டையும் மீன்கள் பிடுங்கிப் போகும். அனிமோனின் விரிந்த அகலம் மீனின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது ஆகும்வரை அவற்றைப் பிரித்து வையுங்கள். தொட்டிக்குள்ளேயே துளை போட்ட ஒரு தடுப்புக் கூண்டு போதும். மீன் அந்தப் பக்கம் இருந்தாலும் அதன் அம்மோனியா இந்தப் பக்கம் வந்துவிடும், இரண்டு பக்கமும் லாபம்.

அனிமோன் வெளுத்துப்போனால் மீனுக்கும் அது கஷ்டம் என்பதைக் கடலிலேயே பார்த்திருக்கிறார்கள். 2016இல் பசிபிக்கின் மூரியா தீவைச் சுற்றிக் கடல் சூடேறி அனிமோன்கள் வெளுத்தபோது, அவற்றில் குடியிருந்த கோமாளி மீன்களின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறியது, இனப்பெருக்கம் 73 சதவீதம் விழுந்தது. ஆகவே இந்தப் பிரிவு மீன்களுக்கும் தண்டனை இல்லை.

நலமான அனிமோனிலிருந்து பாசியை எடுத்து இதற்குக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதே இனத்தின் பழுப்பு அனிமோன் யாரிடமாவது இருந்தால், அது வெளியேற்றும் கரும்பழுப்பு உருண்டையைச் சிரிஞ்சில் எடுத்து உங்களுடையதன் விழுதுகளில் விடுவதைப் பலர் செய்கிறார்கள். கெடுதல் இல்லை, அந்தத் தொட்டியில் நோய் எதுவும் இல்லாதவரை. அதனால்தான் தேறியது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். என்னுடையது இதைச் செய்யாமலே தேறியது. ஆனால் வேறு இன அனிமோனை அதே தொட்டியில் கொண்டுவந்து வைக்காதீர்கள். இரண்டும் தண்ணீர் வழியே ஒன்றையொன்று தொந்தரவு செய்யும்.

எவ்வளவு காலம் ஆகும்? வாரக் கணக்கில் கேட்டால் மனம் உடைந்துவிடும், மாதக் கணக்கில் வையுங்கள். என்னுடையது பழுப்பு என்று சொல்லும்படி ஆக நான்கு மாதம் ஆயிற்று. முதல் மாதம் நிறத்தில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் சிறுப்பது நின்றது, துப்புவது நின்றது. அது போதும் என்று இருந்தேன். இரண்டாம் மாத நடுவில் ஒருநாள் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் பார்த்தேன், விழுதுகள் தொடங்கும் அடியில், வாயைச் சுற்றி, தேநீர்க் கறை மாதிரி லேசாக ஒரு நிழல். கண்ணாடியில் அழுக்கோ என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அங்கிருந்து அது நுனியை நோக்கி ஏறியது. நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் இதெல்லாம் தெரியாது, வெள்ளையும் பழுப்பும் எல்லாம் பச்சையாக மின்னும். வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், வெள்ளை விளக்கு மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும்.

இதையெல்லாம் செய்தும் சில போய்விடும். பாதம் பிடி விட்டு, வாய் பிளந்து, தோல் சளியாகக் கரைய ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம். முகர்ந்து பாருங்கள். அழுகிய நாற்றம் அடித்தால் முடிந்தது. உடனே ஒரு பாத்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, அனிமோனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளி வெளியே எடுங்கள். வலையால் எடுத்தால் பிய்ந்து தொட்டி முழுக்கப் பரவும். பிறகு கால்பங்குத் தண்ணீரை மாற்றி, புது கார்பன் போட்டு, அடுத்த சில நாட்கள் அம்மோனியாவைப் பாருங்கள்.

உங்களுடையது அந்த நிலையில் இல்லை. இன்று இரவு அதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். நாளையும் வேண்டாம், மறுநாளும் வேண்டாம். செரிக்காத இறால் ஏதேனும் உள்ளே மிச்சம் இருந்தால் வெளியே வரட்டும். இந்த மூன்று நாளில் மீன்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றுங்கள், விளக்கைக் குறையுங்கள், பாட்டிலை வெட்டி விளிம்பை மழுக்கித் தயாராக வையுங்கள். நான்காம் நாள் மாலை, பம்பை நிறுத்திவிட்டு, ஐந்தே ஐந்து மைசிஸ். மறுநாள் காலையில் கிண்ணத்தில் என்ன வந்தது என்று பார்த்துவிட்டு, அடுத்த வேளை எவ்வளவு என்பதை முடிவு செய்யுங்கள்.